பல்லிளிக்கும் பித்தளை

பித்தளைக் குழாய்க்குள் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கலாம். நான் சொல்லவில்லை, 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டம் சொல்கிறது. அதன் அட்டவணையில் பதினைந்தாம் பிரிவின் குறிப்புகளைப் புரட்டுங்கள். குழாய் என்பது நீளம் முழுக்க ஒரே சீரான குறுக்குவெட்டு உடையது. உள்ளே அடைபட்ட வெற்றிடம் ஒன்று, ஒன்றே ஒன்று. வட்டமாகவோ முட்டை வடிவிலோ செவ்வகமாகவோ சமபக்க முக்கோணமாகவோ ஒழுங்கான பலகோணமாகவோ இருக்கலாம். சுவரின் கனம் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டும். வளைக்கலாம், மரை போடலாம், துளை போடலாம், இடுப்பைக் குறுக்கலாம், வாயை விரிக்கலாம், நுனியில் வளையம் மாட்டலாம். அதுவரை அது குழாய்தான். உள்ளே வெற்றிடம் இரண்டாகிவிட்டால் அந்தக் கணமே அது குழாய் இல்லை, ‘புரொஃபைல்’. 7411 என்ற தலைப்பிலிருந்து எழுந்து 7407இல் போய் உட்கார வேண்டியதுதான்.

பித்தளைக்கும் இப்படி ஓர் இலக்கணம் உண்டு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை என்று பாத்திரக் கடைக்காரர் ஒரு வரியில் முடித்துவிடுவார். சட்டம் அவ்வளவு சுலபமாக விடாது. வேறு உலோகங்கள் கலந்திருந்தால் அவற்றில் எதைவிடவும் துத்தநாகம் கனத்திருக்க வேண்டும். நிக்கல் 5 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கவேண்டும். 5ஐத் தொட்டால் அது நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் சரக்கு, துணைத்தலைப்பு 7411 22. வெள்ளீயம் 3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. தொட்டால் 7411 29, அதாவது ‘மற்றவை’. துத்தநாகம் செம்பையே மிஞ்சிவிட்டால் 74ஆம் அத்தியாயத்தை விட்டே வெளியேற்றம், 79க்கு நாடுகடத்தல். இத்தனை தேர்விலும் தேறிய பிறகுதான் ஒரு குழாய்க்கு 7411 21 என்ற எண் கிடைக்கும்.

இந்த எண்களெல்லாம் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு வகுத்தவை. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. மொத்தம் 97 அத்தியாயங்கள். அதில் 77ஆம் அத்தியாயம் மட்டும் காலி. வருங்காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டு அரசாங்கமும் வருங்காலத்தை நினைத்து ஒழுங்காக ஒதுக்கிவைத்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனை நுணுக்கத்தையும் எந்த ஊரில் வைத்துப் பார்த்தால் அதன் முழு அழகும் தெரியும்? ஏர்பேட்டில்.

ரேணிகுண்டாவில் கிளம்பி நாயுடுபேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில், காளத்திக்கு முன்னால் வரும் ஊர் இது. சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2022 ஏப்ரலில் ஆந்திரத்தில் மாவட்டங்களைப் பிரித்து அடுக்கியபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஊர் நகரவில்லை, தலைப்பு மாறியது. ராகு கேது பரிகாரத்துக்குக் காளத்தி போகிற தமிழர்கள் இந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள், இறங்குவதில்லை. இன்று இங்கே ஐஐடி இருக்கிறது, ஐசர் இருக்கிறது. காளத்திப் பக்கம் போனால் ராச்சகுன்னேரியில் டக்டைல் இரும்புக் குழாய் வார்க்கும் பெரிய ஆலை. அந்தக் குழாய்க்குத் தலைப்பு 7303. இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஸ்ரீசிட்டி. டைக்கினும் புளூ ஸ்டாரும் அங்கே ஏசி செய்கின்றன. ஒவ்வொரு ஏசிக்குள்ளும் சுருண்டு கிடப்பது 7411 10, சுத்தச் செம்புக் குழாய். ஏர்பேட்டில் ஒரு காவல் நிலையமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சாலையோரம் ஒருவர் சின்னப் பட்டறை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை மனிதர்தான், ஆனால் இவரைப் போல ஆயிரம் பேர் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் பித்தளைக் குழாய் வரவழைக்கிறார். சென்னைத் துறைமுகத்தில் சரக்கு இறங்குகிறது. கிளியரிங் ஏஜென்ட் போனில் வருகிறார்.

“7411 21தானேப்பா, எழுதிடு.”

“எழுதிடலாம் சார். அவங்க 7412ன்னு சொன்னா? ஃபிட்டிங்ஸ்னு சொன்னா? வெட்டி, வளைச்சு, நுனியில ரிங் மாட்டி வந்திருக்கு. மெஷின் பார்ட்ஸ்னு 84க்குத் தூக்கிட்டா என்ன பண்றது?”

“நான் வாங்கினது குழாய்ப்பா.”

“நீங்க வாங்கினது குழாய் சார். அவங்க என்ன வாங்கப்போறாங்கன்னு தெரியணும்ல?”

ஏஜென்ட் கிண்டலுக்குச் சொல்லவில்லை. வளைத்து வளையம் மாட்டினாலும் குழாய் குழாய்தான் என்று பிரிவுக் குறிப்பு சொல்கிறது. அதே பிரிவின் இன்னொரு குறிப்பு, இயந்திரப் பாகமாகிவிட்ட பொருள் இந்தப் பிரிவிலேயே வராது என்கிறது. எந்த வளைவில் குழாய் தன் குலத்தை விட்டு இயந்திரப் பாகமாகிறது? அதைத் தீர்மானிக்கப் பொது விதிகள் ஆறு இருக்கின்றன. மூன்றாம் விதியின் கடைசி உட்பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. எந்த வழியிலும் முடிவு கிடைக்காவிட்டால், பொருந்தக்கூடிய தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள் என்கிறது அது. உலக நாடுகளின் நிபுணர்கள் கூடி, உலோகவியலைக் கரைத்துக் குடித்து, கடைசியில் கண்டடைந்த ஞானம் அது.

நம் பட்டறைக்காரர் யாரிடமாவது நேரில் போய்க் கேட்கலாம் என்றால் முகமே கிடையாது. 2020 ஜூன் 8 அன்று பெங்களூரிலும் சென்னையிலும் முகமற்ற மதிப்பீடு தொடங்கியது. அந்த அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. சரக்கு சென்னையில் கிடக்கும். அதைக் குழாயா பாகமா என்று பார்க்கும் அதிகாரி இன்னொரு ஊரில் கணினி முன்னால் இருப்பார். நேருக்கு நேர் பார்த்தால்தானே கை நீளும் என்பது திட்டத்தின் தத்துவம். நல்ல தத்துவம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முகம் போன இடத்தில் கேள்வி மட்டும் நிற்கிறது. ‘உலோகக் கலவையின் சோதனை அறிக்கை தருக’, ‘பயன்பாட்டை விளக்குக’, ‘முந்தைய இறக்குமதி விவரம் தருக’. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போய்த் திரும்புவதற்குள் கன்டெய்னருக்கு டிட்டென்ஷன், இடத்துக்கு வாடகை. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்டவருக்கு அந்த மீட்டரில் ஒரு பைசா செலவில்லை.

சரி, வம்பு வருமுன் முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாமே என்று சட்டம் தெரிந்தவர் யாராவது சொல்வார். உண்டு. முன்தீர்ப்பு ஆணையம் 2021இலிருந்து இயங்குகிறது. இரண்டு மேசைகள்: ஒன்று டெல்லியில், இன்னொன்று மும்பையில். நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்றான சென்னையில் கிடையாது. குழாய்க்குக் குலம் கேட்க வேண்டுமானால் விந்தியத்தைத் தாண்டுவது அல்லது கொங்கணத்துக்குப் போவது.

வரி குறைத்துக் கட்டியதாக ஐந்து ஆண்டு கழித்துக்கூட நோட்டீஸ் வரலாம். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 28ஆம் பிரிவு. சாதாரணத் தவறு என்றால் இரண்டு ஆண்டு வரை. மறைத்தாய் என்று அவர்கள் எழுதிவிட்டால் ஐந்து. விட்டுப்போன வரிக்கு 28ஏஏ பிரிவின்படி ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. 114ஏ பிரிவின்படி வரிக்குச் சமமான அபராதம். ஆணையர் மேல்முறையீடு, பிறகு தீர்ப்பாயம். அதற்கு மேல்? வகைப்பாட்டு வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகாது. தீர்ப்பாயத்திலிருந்து நேராக உச்ச நீதிமன்றம். நாட்டில் ஜாமீன் கிடைக்காமல் சிறையில் கிடப்பவர்கள் வரிசையில் நிற்க, பித்தளைக் குழாய்க்கு உச்ச நீதிமன்றம் வரை நேர்வழி.

போயிருக்கிறார்கள். பித்தளைக் கழிவை இறக்குமதி செய்த கண்டேல்வால் மெட்டல் நிறுவனத்தின் வழக்கு 1985இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. கழிவு யாரும் உற்பத்தி செய்த பொருள் அல்லவே, அதற்கு எப்படிக் கூடுதல் வரி என்று கேட்டார்கள். பொருள் செய்யும்போது விழுவதுதான் கழிவு, ஆகவே அதுவும் உற்பத்திதான், கட்டு என்று தீர்ப்பு வந்தது. சேலம் மதன் அக்ரோ வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. சின்னப் பாட்டிலில் அடைத்த தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா? கலால் துறை தலைக்கு என்றது. 2018இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து சமையல் எண்ணெய் என்றே தீர்த்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் மட்டும் பதினைந்து ஆண்டு. தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் இரண்டுக்கும்தான் என்று அடுப்பைப் பார்த்தபடியே சொல்லியிருப்பாள்.

அதே 2024 செப்டம்பரில் கோவையில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அன்னபூர்ணா ஓட்டல் அதிபர் ஒன்றிய நிதியமைச்சர் முன் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடு, கம்ப்யூட்டரே திணறுகிறது என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மண்டபம் சிரித்தது. அடுத்து வந்தது அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் வீடியோ. ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல், பேக்கரிப் பண்டங்களின் வரி 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததாக அரசாங்கமே விகிதத்தில் ஒப்புக்கொண்டது. மன்னிப்பை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. அதற்கு ரீஃபண்ட் படிவம் இல்லை போலும்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டுகின்றன. காரை மொத்தமாகக் கொண்டுவந்து, பாகம் பாகமாகக் கணக்கு காட்டியதாக ஃபோக்ஸ்வேகனிடம் 140 கோடி டாலர் கேட்டு 2024 செப்டம்பரில் நோட்டீஸ் போனது. நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடியது. ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வரி குறைந்த எண்ணுக்குள் சரக்கை நுழைப்பது வணிகத்தின் பழைய கலை. அதைப் பிடிக்கத்தான் சுங்கம் இருக்கிறது. பட்டினப்பாலை காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்திக் காத்தார்கள். ஆனால் ஃபோக்ஸ்வேகனுக்கு வக்கீல் பட்டாளம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைக் கேட்டாலும் பன்னிரண்டு ஆண்டு வழக்காடும் வலு இருக்கிறது. பட்டறைக்காரருக்கு இருப்பது ஒரு கன்டெய்னரும் ஒரு ஏஜென்டும்தான். அவருக்கு வழக்கை விட வழக்கு நடக்கும் காலம்தான் தண்டனை. அந்தக் காலத்தை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தை இருக்கிறது என்பதைத் துறைமுகத்துக்கு வெளியே டீ குடிக்கிற யாரும் சொல்வார்கள். சென்னையைச் சேர்ந்த வின்டிராக் என்ற நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தது. லஞ்சம் கேட்டுத் தொல்லை என்பது அதன் புகார். சுங்கத்துறை மறுத்தது. நிறுவனம்தான் சரக்கைத் தவறாக அறிவித்தது, தவறாக வகைப்படுத்தியது என்றது. நிதியமைச்சகம் விசாரிக்கச் சொன்னது. யார் சொல்வது உண்மை என்பது விசாரணையில் தெரியட்டும். வகைப்பாடு என்ற சொல் எவ்வளவு வசதியான கேடயம் என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

நம் முன்னோரில் ஒருவன் இந்தத் தலைவலியை ஒரே வீச்சில் தீர்த்தான். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். காளத்திக் கோயிலின் பழைய கோபுரம் ஒன்றை அவன் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அவன் பெயர் வழங்கும் கோபுரத்தின் அடிவாரத்துச் சாலையில்தான் இன்று இந்தக் கூத்தெல்லாம்.

அட்டவணைக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதன் மிகச் சுவையான பக்கத்தை இன்னும் தொடவில்லை. 7404, செம்பு மற்றும் பித்தளைக் கழிவு. ஜாம்நகரின் பித்தளைப் பட்டறைகளெல்லாம் இந்தத் தலைப்பை நம்பித்தான் உலை மூட்டுகின்றன. அமெரிக்கக் காயலான் கடைக்காரர்களின் சங்கம் ஒவ்வொரு வகைக் கழிவுக்கும் ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறது. இந்திய நாடாளுமன்றத்தின் சட்டம் அந்தப் பெயர்களை அப்படியே அட்டவணையில் வாங்கி வைத்திருக்கிறது. மஞ்சள் பித்தளைக் கழிவு ‘ஹனி’. பழைய பித்தளைக் குழாய் ‘மெலன்’. அட்மிரால்டி பித்தளையில் செய்த கண்டென்சர் குழாய் ‘பேல்ஸ்’. அதையே அலுமினியப் பித்தளையில் செய்தால் ‘பல்லு’. பித்தளை பல்லிளிக்கும் என்று நம் ஊரில் சொல்வதை அமெரிக்கர்கள் எப்படிக் கேள்விப்பட்டார்களோ. பிரைமரோடு வரும் பித்தளை வெடியுறை ‘லேடி’. சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறை, சுத்தமாக இருந்தால், ‘லேக்’. தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் ஆங்கிலத்தில் கேட்கும் அரசாங்கம், அமெரிக்கப் பழைய இரும்புக் கடையின் குழூஉக்குறியைச் சட்டமாகவே ஏற்றிருக்கிறது.

2025 ஜூலை 30 அன்று அமெரிக்க அதிபர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். செம்புக் குழாய், கம்பி, தகடு முதலிய பாதி தயாரிப்புகளுக்கு ஆகஸ்ட் 1 முதல் 50 விழுக்காடு வரி. காரணம் தேசப் பாதுகாப்பு. தாதுவுக்கும் கழிவுக்கும் விலக்கு. முழுக் குழாய் எல்லையில் வந்தால் அமெரிக்கா ஆபத்தில் இருக்கிறது. அதையே பயன்படுத்தித் தேய்த்துக் கழிவாக்கி அனுப்பினால் வாசல் திறந்திருக்கிறது. இந்த வாதத்தில் ஓட்டை ஒன்றா இரண்டா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வல்லரசுக்கும் தன் அட்டவணை மீது நம்மைப் போலவே அசையாத பக்தி என்று தெரிவதில் ஒரு ஆறுதல்.

இனி அந்தக் காவல் நிலையம்.

மணலுக்கு அட்டவணையில் 2505 என்று ஒரு தலைப்பு உண்டு. ஸ்வர்ணமுகி ஆற்று மணலுக்கு அந்த எண் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. அது கப்பலேறுவதில்லை, லாரி ஏறினாலே போதும். அந்த மணல் கொள்ளையை எதிர்த்து 2017 ஏப்ரல் 21 அன்று முனகலபாளையம் கிராமத்து மக்கள் ஏர்பேடு காவல் நிலையத்துக்கு வந்தார்கள். விவசாயிகள். ஆறு வற்றினால் கிணறு வற்றும் என்று தெரிந்தவர்கள். நிலையத்தின் முன்னால் நின்றவர்கள் மீது ஒரு லாரி பாய்ந்தது. ஒரு டஜனுக்கும் மேற்பட்டோர் அங்கேயே செத்தார்கள். விபத்து என்றார்கள். இருக்கட்டும், விபத்தே. அவர்கள் ஏன் அன்று தங்கள் வயலில் இல்லாமல் காவல் நிலைய வாசலில் நின்றார்கள் என்பது விபத்து இல்லை. வெள்ளீயம் 3 விழுக்காட்டைத் தாண்டியதா என்று தராசு வைத்துப் பார்க்கும் ஒரு அரசிடம், ஆற்றிலிருந்து எத்தனை லாரி மணல் போனது என்று எண்ணச் சொல்லிக் குடியானவன் ஸ்டேஷன் படியேற வேண்டியிருந்தது.

செம்மரத்துக்கும் தலைப்பு உண்டு, மரக்கட்டைகளுக்கான 4403. உலகத்தில் இது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாகத் திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசலத்திலும் அதன் அக்கம்பக்கத்து மலைகளிலும். கட்டையாக ஏற்றுமதி செய்ய யாருக்கும் தாராள அனுமதி கிடையாது. 2022இல் அகமதாபாத் பக்கத்தில் சபர்மதி உள்நாட்டுச் சரக்கு முனையத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறை ஒரு கன்டெய்னரை ஸ்கேன் செய்தது. ஷார்ஜாவுக்குப் போகவிருந்த சரக்கு. தாளில் எழுதியிருந்தது சோப்பு, ஷாம்பு போன்ற குளியலறைச் சாமான்கள். உள்ளே இருந்தது 14.63 டன் செம்மரம், மதிப்பு 11.70 கோடி ரூபாய். பிடித்தவர்களைப் பாராட்டவேண்டும். ஆனால் சேஷாசலத்துப் பக்கத்து மரம் மாநிலம் மாநிலமாகத் தாண்டி குஜராத் வரை போயிருக்கிறது. வழியில் இருந்த சோதனைச் சாவடிகளில் ஒருவருக்கும் குளியலறைச் சாமான் இவ்வளவு கனக்காதே என்று தோன்றவில்லை. பட்டறைக்காரரிடம் ஓட்டை எண்ணிய கண்கள் அந்த நேரத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன? மரம் ஷாம்பு ஆகலாம். குழாய்தான் பாகம் ஆகக்கூடாது.

அந்த மரத்தை வெட்டக் கூலிக்குப் போகிறவன் ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் போகிறான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், சந்திரகிரி அருகே, செம்மரக் கடத்தல் தடுப்புப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். கல்லையும் அரிவாளையும் எறிந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். கன்டெய்னர் புக் செய்தவன் அந்தக் காட்டில் இல்லை. ஷாம்பு என்று தாளில் எழுதத் தெரிந்தவன், ஷார்ஜாவில் சரக்கை எதிர்பார்த்து நிற்பவன், ஒருவனும் அந்தக் காட்டில் இல்லை. இருந்தவர்கள் கோடரி பிடிப்பவர்கள் மட்டும்.

அன்று சுட்ட தோட்டாக்களின் உறைகள் காட்டில் சிந்தியிருக்கும். பொதுவாக அவை எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளை. உலோகவியலில் அதற்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர். அவற்றைப் பொறுக்கிச் சுத்தமாக மூட்டை கட்டினால் அட்டவணையில் இடம் உண்டு: 7404 00 22, ‘லேக்’. கைப்பற்றிய மரத்துக்கு ஏ, பி, சி என்று தரம் பிரித்து அரசே ஏலம் விடுகிறது. சில மைல் தள்ளித் திருமலையில் மழிக்கும் தலைமுடிக்குத் தலைப்பு 0501. அதைக் குறைத்து மதிப்பிட்டுக் கடத்துகிறார்கள் என்று 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடே போட்டது. முடிக்கு எண் இருக்கிறது. கோடரிக்கு இருக்கிறது, 8201. இருபது தலைகளை எதில் சேர்ப்பது என்று மட்டும் அட்டவணைக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, ‘கடத்தல்காரர்கள்’ என்ற ஒரே தலைப்பில் மொத்தமாகப் போட்டு மூடினார்கள். முன்தீர்ப்பு கேட்க அவர்களுக்கு டெல்லியில் மேசை இல்லை. ஷோகாஸ் நோட்டீஸ் வரவில்லை. ஐந்து ஆண்டு அவகாசமும் இல்லை. ஆணையர், தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று படிப்படியாக ஒரு குழாய்க்குக் கிடைக்கும் விசாரணையில் ஒரு படிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மனித உரிமை ஆணையம் அந்தக் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சிபிஐ விசாரணையும் பரிந்துரைத்தது. அது 2015. இறக்குமதியாளர் வரியை ஒரு மாதம் தாமதித்தால் 28ஏஏ பிரிவு தானாக விழித்துக்கொண்டு 15 விழுக்காடு கணக்குப் போடுகிறது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை. அதே விகிதத்தை ஜவ்வாது மலைக்காரர்களுக்கும் கொடுக்கலாமே. அசல் எவ்வளவு என்று நிதியமைச்சகம் முதலில் சொல்லட்டும். இருபது பேர். 2015 ஏப்ரல் 7 முதல் வட்டி ஓடுகிறது.